எறும்பு மொய்த்த யானை

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்று வளர்த்தது ஐந்து. படித்தது இரண்டாம் வகுப்பு – அதுவும் முழுசாக இல்லை. ஆனால் கடைக்குப் போய் ஒரு பொருளைப் பார்த்து வாங்குவதில் என்னை மிஞ்ச பிரேசர் டவுனில் ஆள் உண்டா? யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். என் மருமகள் கிரேஸைத் தவிர.

விஷயம் இதுதான். மூன்றாவது மகன் சாமுவேல் வைட்ஃபீல்டில் ஃபிளாட் வாங்கினான். புதுவீட்டு ஜெபத்துக்கு அவனுடைய மேனேஜரும் வருவதாக ஏற்பாடு. அந்த மனிதருக்குப் பழைய படங்கள் என்றால் உயிராம். வெள்ளைக்காரன் காலத்தில் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அழுத்தி எடுத்த படங்கள். ஹாலில் அப்படி ஒன்று மாட்டியே தீருவேன் என்று நின்றான் சாமுவேல்.

“அதெல்லாம் பார்த்து வாங்கத் தெரியணுங்க,” என்றாள் அவன் மனைவி கிரேஸ். “பேசாம ஒரு நல்ல சீனரியை ஃபிரேம் போட்டு மாட்டலாம்.”

தெரியணுமா? எனக்கா?

“வண்டியை எடுடா,” என்றேன்.

கமர்ஷியல் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. கடைக்காரர் பெயர் கனகராஜ். மொடமொடவென்று சட்டை, வழவழவென்று பேச்சு. கோட்டை வாசலில் ஒரு யானை, அதன் மேல் குடை பிடித்த துரை – இப்படி ஒரு படத்தை எடுத்து வைத்தார். காகிதம் நல்ல பழுப்பு.

“இருநூறு வருஷம்மா! லண்டன்ல அச்சானது. ஒரு துரை பங்களா ஏலத்துல எடுத்தேன். நேத்துகூட ஒரு ஜெர்மன்காரர் கெஞ்சினாரு, குடுக்கல. உங்களைப் பார்த்தா எங்கம்மா ஞாபகம் வருது...”

யானையின் கண்ணில் ஒரு குறும்பு இருந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. பேரம் பேசிப் பாதி விலைக்கு இறக்கினேன். இறக்கிய பெருமையில் வேறு எதையும் பார்க்கவில்லை... சரி, அதை விடுங்கள்.

பில் போடும்போதுதான் அவர் நாற்காலிக்கு மேலே இன்னொரு படத்தைப் பார்த்தேன். சின்னது. ஒரு ஏரி, கரையில் இரண்டு மாடு.

“அது என்ன விலை?”

“அது விக்கிறதில்லம்மா.”

அவ்வளவுதான் சொன்னார். துரையும் இல்லை, லண்டனும் இல்லை.

ஜெபம் வரைக்கும் யானையைப் பழைய வீட்டு ஹாலில் மாட்டி வைத்தோம். மறுநாள் காலையில் கிரேஸ் கூப்பிட்டாள் – தெருவுக்கே கேட்கிற மாதிரி.

“அத்தே! ஓடி வாங்க! உங்க யானையை எறும்பு தூக்கிட்டுப் போவுது!”

ஜன்னலிலிருந்து சுவர் வழியாக ஒரே வரிசை. நேராக ஃபிரேமுக்குப் பின்னால் போகிறது. சாமுவேல் பின் அட்டையைக் கழற்றினான். கிரேஸ் மோந்து பார்த்தாள்.

“டீ!” என்றாள். “சக்கரை போட்ட டீ!”

இருநூறு வருஷப் பழுப்பு எங்கிருந்து வந்தது என்று புரிந்ததா? கடையில் குடித்து மிஞ்சியதைக் காகிதத்தில் தடவியிருக்கிறார் மனுஷன். கிரேஸ் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. சாமுவேல் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை ஜெபத்துல மேனேஜர் இதைப் பார்த்தாருன்னா ஆபீஸ் பூரா என்னைப் பார்த்துச் சிரிக்கும்மா,” என்றான்.

நான் யானையைப் பையில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

கடையில் ஓர் இளம் ஜோடி நின்றிருந்தது. அவர்கள் முன்னால் இன்னொரு பழுப்புப் படம். “லண்டன்ல அச்சானது சார்...” என்று ஆரம்பித்திருந்தார் கனகராஜ். நான் போய் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். யானையை மடியில் வைத்தேன்.

“கனகராஜ்! இந்த லண்டன் யானைக்கு ஒரே எறும்பு. டீயில சக்கரையைக் கொஞ்சம் கம்மியா போடக்கூடாதா?”

ஜோடி திரும்பிப் பார்த்தது.

“அம்மா... அம்மா... உள்ள வாங்க. ஜூஸ் சாப்பிடுங்க.”

“ஜூஸ் வேணாம். மாட்டுப் படம் வேணும்.”

“அது விக்கிறதில்லம்மா!”

“அதனாலதான் வேணும்.”

“ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா. வேற நல்லதா ஒண்ணு தரேன்.”

“நல்லதா இருந்தா அதை நீங்க உங்க தலைக்கு மேல மாட்டியிருப்பீங்களே?” என்றேன். பிறகு அந்தப் பெண் பக்கம் திரும்பினேன். “கண்ணு, அந்தப் படத்தைக் கொஞ்சம் மோந்து பாரும்மா...”

அவ்வளவுதான் – கனகராஜ் ஸ்டூலில் ஏறிவிட்டார்.

படத்தை இறக்கிச் சட்டைக் கையால் கண்ணாடியைத் துடைத்தார். உடனே தரவில்லை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“வெயில் படாத சுவரா பார்த்து மாட்டுங்கம்மா. சமையல்கட்டுப் பக்கம் வேணாம். ஈரத்துணி போட்டுத் தொடைக்காதீங்க.”

யானையை விற்கும்போது இப்படி ஒரு வார்த்தை சொன்னாரா? அப்போதே தெரிந்துவிட்டது – இது அசல்.

“அந்த யானையைக் குடுங்கம்மா,” என்று கை நீட்டினார்.

“எதுக்கு? இன்னொரு அம்மா ஞாபகம் வரவா?” இரண்டையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபம் முடித்ததும் மேனேஜர் நேராக மாட்டுப் படத்திடம் போனார். பையிலிருந்து லென்ஸ் எடுத்தார். சாமுவேலுக்கு நெற்றியெல்லாம் வேர்வை.

“எல்லாம் கோடு... மெஷின்ல அச்சடிச்சா தெரியுற புள்ளியே இல்லை. ஓரத்துல பாருங்க, தகடு அழுத்தின பள்ளம். ஒரிஜினல்! யார் செலக்‌ஷன்?”

“எங்கம்மா சார்,” என்றான் என் மகன். கிரேஸுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது.

இப்போதெல்லாம் கடைக்காரர் என்ன சொல்லி விற்கிறார் என்று நான் கேட்பதில்லை. பொருளைக் கையில் கொடுக்கும்போது என்ன சொல்கிறார் என்றுதான் கவனிக்கிறேன். புடவைக்கும் அப்படித்தான், பூச்செடிக்கும் அப்படித்தான்.

யானை என் அறையில் இருக்கிறது. எறும்பும்தான். இருக்கட்டும்... அந்தக் கண்ணுக்காகத்தானே வாங்கினேன்!

எழுதினது போதும் ரூபி, பேனாவை மூடு. எங்கே, முதல்ல இருந்து ஆயாவுக்கு வாசிச்சுக் காட்டு. யானை வாங்கின இடம் வரும்போது மட்டும் சத்தமில்லாம வாசி கண்ணு – உங்கம்மா அடுப்படியிலதான் இருக்கா.