கையில் துப்பி விற்ற வான்

மாதா கோயிலிலிருந்து அன்ரன் போன் எடுத்து, "அண்ணை, பிரென்டன் செத்துப்போனார்" என்றபோது, "ஆரடாப்பா அது? அப்பிடி ஒருத்தரையும் எனக்குத் தெரியாதே" என்று சொல்லிவிட்டேன்.

"உங்கட துப்பல் ஐயாதான் அண்ணை."

இந்த வில்லரேப் பகுதியில் ஐந்து வருடம் என் பக்கத்து வீட்டில் இருந்த ஐரிஷ்காரர். அந்தப் பட்டப்பெயரை வைத்தவனும் நான்தான்.

நான் இங்கே குடிவந்த வருடம் அவருடைய பழைய வான் வண்டியை வாங்கினேன். விலை முடிந்ததும் கிழவர் தன் உள்ளங்கையில் துப்பி, கையை நீட்டினார். நானும் கை கொடுத்தேன், கொடுத்த கையை அவர் முன்னாலேயே காற்சட்டையில் துடைத்தேன். காசை வாங்கியவர், அதில் இருபது டொலரை எடுத்துத் திரும்ப என் சட்டைப்பையில் வைத்தார். வானில் ஏதோ பழுது, மனச்சாட்சி குத்துகிறது என்று நினைத்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்ற எங்கட சனம் உங்களுக்கெல்லாம் நடித்தே காட்டினேன். சிரித்தீர்கள். பெயர் ஒட்டிக்கொண்டது.

வானில் ஒரு பழுதும் இருக்கவில்லை.

அந்த மாரிக் குளிரில் தேத்தண்ணி தந்து அவரே சொன்னார். அவர் ஊர் மாட்டுச் சந்தையில் அப்படித்தானாம். கையில் துப்பிக் கையோடு கை அடித்தால் பேச்சு மாறக்கூடாது. விற்றவன் கொஞ்சக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். "மாட்டை விற்றுப்போட்டு அதன் அதிர்ஷ்டத்தை நீ வைத்திருக்கக் கூடாது" என்பாராம் தகப்பன்.

நான் கோப்பையைக் கீழே வைத்தேன். அப்போது பார்த்து, "உங்கள் ஆட்கள் என்னைக் கூப்பிடும் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டார்.

"கைராசிக்காரர்" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது. அதன்பிறகு புதிதாக எந்தத் தமிழரைக் கண்டாலும் நெஞ்சில் கை வைத்து, "நான் துப்பல் ஐயா" என்று தமிழிலேயே சொல்வார். நீங்கள் சிரிப்பீர்கள். நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஊரையே பகிடி பண்ணுகிற இந்த வாய்க்கு, அவரிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வரவில்லை. இனிக் கேட்கவும் ஆளில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருந்தது அந்த வானும் அந்த வழக்கமும்தான். அடக்கம் முடிந்த சனிக்கிழமை, வானை வாங்க ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற புரோசார்ட்டிலிருந்து ஒரு சென்னைத் தம்பி வந்தார். விலை பேசி முடித்தோம். உள்ளங்கையில் துப்பி நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். பரவாயில்லை என்று, காசு வாங்கமுன்பே இருபது டொலரை அவர் சட்டைப்பையில் வைத்தேன்.

"அண்ணா, வண்டில என்ன பிரச்சனை?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

"அப்புறம் வர்றேன்ணா" என்று மெட்ரோப் பக்கம் நடந்தார்.

வான் இன்னும் வாசலில் நிற்கிறது. இருபது டொலர் புரோசார்ட்டில் இருக்கிறது.