ஒரு மேஜை விட்டு ஒரு மேஜை

நோலீன் பிரிட்சார்டு பூசணிக்காயாக வந்த வருஷத்தை ஆஸ்திரேலியாவின் லீட்டன் ஊரில் இன்னும் யாரும் மறக்கவில்லை. அவளும் மறக்க விடுவதில்லை. புது ஆள் யாரைப் பார்த்தாலும் அடுத்தவர் சொல்வதற்குள் தானே சொல்லிவிடுவாள்.

பாசனப் பம்ப் வியாபாரிகள் சங்கத்தின் வருடாந்திர விருந்துக்கு எல்லோரும் ஏதாவது ஒரு காய்கறி வேஷத்தில் வர வேண்டும் என்று கடிதம் போட்டது அவள்தான். எண்பது பேர் சட்டையும் கால்சட்டையுமாக வந்தார்கள். அவள் ஒருத்தி மட்டும் பூசணி. உள்ளே அடைத்த பஞ்சு நாற்காலியில் உட்கார விடவில்லை. பொருளாளர் அறிக்கை முடியும்வரை சுவரோரமாக நின்றாள்.

"நின்னதுகூடப் பரவாயில்ல. ஒருத்தன் வந்து காலி கிளாஸை என் தோள்மேல வச்சிட்டுப் போனான். மேஜைன்னு நினைச்சிட்டானாம்" என்பாள்.

இன்னொரு வருஷம் மேடையில் ஆட்டுக்கு மயிர் வெட்ட ஏற்பாடு செய்தாள். பாதி வெட்டும்போது ஆடு பிடியை உதறிக்கொண்டு மேஜைகளுக்கு அடியில் புகுந்துவிட்டது. அன்றைக்குத் தலைவர் பேசியதைவிட ஆடு பேசியதுதான் தெளிவாகக் கேட்டது என்று அவளே ஒப்புக்கொள்வாள்.

நெல் வயல் நடுவே பிறந்து, முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள் அவள். புருஷன் ரான் பம்ப் மெக்கானிக். ஒரு வருஷம் மட்டும் பார்த்துக்கொள் என்று சங்கச் செயலாளர் வேலையை அவர்தான் அவள் தலையில் கட்டினார். அவர் போய்ச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. வேலை மட்டும் பத்தொன்பது வருஷமாக அவளிடமே தங்கிவிட்டது. சம்பளம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு பன்றித்தொடை வரும்.

அவள் நடத்தும் இருபதாவது விருந்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது சங்கத் தலைவர் கிளைவ் நேரிலேயே வந்தார். நேரில் வந்தாலே நல்ல சேதி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"போன வருஷம் ஒம்போது மணிக்குப் பாதி ஹால் காலி, நோலீன்."

"எட்டே முக்கால். நானே கோட்டை மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன்."

"சிரிக்கிற விஷயம் இல்ல. இந்த வருஷமும் அப்படியே போச்சுன்னா விருந்தை நிறுத்திடலாம்னு கமிட்டில பேசுறாங்க. அடுத்த வருஷத்துலேர்ந்து கூட்டம் கம்ப்யூட்டர்லயே. அன்னைக்கு இனிப்பு சாப்பிட்டு முடிச்சதும் கை தூக்கச் சொல்லி ஓட்டு எடுத்துடுவோம்."

அவர் போன பிறகு வெகுநேரம் அவள் டீக்குக் கெட்டிலைக்கூடப் போடவில்லை. ஹேயிலிருந்தும் டெனிலிக்வினிலிருந்தும் இருநூறு கிலோமீட்டர் வண்டி ஓட்டி வருகிறவர்கள் சங்கத்துக்காரர்கள். வருஷம் முழுக்க ஆளுக்கொரு ஊரில் தனியாகக் கிடந்து, போனில் மட்டும் சண்டை போடுகிறவர்கள். ரானைத் தெரிந்தவர்களை அவள் பார்ப்பதும் அந்த ஒரு ராத்திரிதான். அதை யாரிடம் சொல்வது? கம்ப்யூட்டரில் முகம் தெரியும், ஆனால் யாரும் யாருக்கும் ஒரு கிளாஸ் பீர் வாங்கித் தர முடியாது என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள்.

மறுவாரமே வாகா வாகா நகரத்துக்குப் போய், தொழில் கூட்டங்களை மறக்க முடியாதபடி நடத்துவது எப்படி என்ற ஒருநாள் வகுப்பில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு விருந்தாளிக்கும் அந்த ராத்திரி தனக்காகவே தைத்த சட்டைபோல இருக்க வேண்டும் என்று வகுப்பெடுத்த பெண் சொன்னாள். அது நோலீன் மண்டைக்குள் போய் நன்றாக உட்கார்ந்துகொண்டது.

அந்தப் பக்கத்துக் கிளப்புகளில் விருந்து என்றால் தட்டு ஒன்றுவிட்டு ஒன்றாகத்தான் வரும். உங்களுக்கு மாட்டிறைச்சி, பக்கத்தில் இருப்பவருக்குக் கோழி, அதற்கடுத்தவருக்கு மறுபடி மாடு. தட்டு மேஜையில் விழும்வரை எது வரும் என்று தெரியாது. பிடிக்காவிட்டால் பக்கத்து ஆளிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இந்த வழக்கம் அவளுக்கு வெகுநாளாகவே வெட்கமாக இருந்தது. போன வருஷம் அதை ஒழித்து, வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும்படி வைத்தாள். இந்த வருஷம் இன்னும் ஒரு படி மேலே போனாள். மூன்று வாரம் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, இறைச்சி எவ்வளவு வேக வேண்டும், இனிப்பில் எது, யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று கேட்டு எழுதினாள்.

"கேக்காம தட்டைப் போடறது மாட்டுக்குத் தீவனம் போடற மாதிரி இருக்கு" என்றாள், கிளப் சமையலறையைக் கவனிக்கும் டாட்டிடம்.

"இத்தனை வருஷத்துல யாரும் பட்டினியாப் போகலையே" என்றாள் டாட்.

விருந்து நாள் வந்தது. மேஜைதோறும் வண்ண அட்டைகள். 'உங்கள் முதல் வேலை எது?' என்ற மாதிரி பேச்சைத் தொடங்கக் கேள்விகள். உற்சாகமூட்டச் சிட்னியிலிருந்து ப்ரேடன் என்றொரு இளைஞன், கன்னத்தில் ஒட்டிய மைக்கோடு. எல்லோரும் எழுந்து பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடியுங்கள் என்றான்.

"நான் என் பொண்டாட்டியையே கிறிஸ்துமஸுக்குத்தான் கட்டிப்பிடிப்பேன்" என்றார் ஹேயிலிருந்து வந்த மெர்வ். அவர் உட்கார்ந்தார். பின்னாலேயே எண்பத்து மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

சாப்பாடு வந்தது. கேட்டவருக்குக் கேட்டது, ஒரு பிசகில்லை. எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள், தலையாட்டினார்கள், சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். முள்கரண்டிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. எல்லோரும் பரீட்சை எழுதுவதுபோலக் குனிந்திருந்தார்கள். யார் பக்கத்தில் என்று கேட்டாளே, அவரவர் தங்கள் கடை ஆட்களையே சொல்லியிருந்தார்கள். பேச வேண்டியதை எல்லாம் வரும் வழியில் வண்டியிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள். எட்டே கால் ஆகும்போது மெர்வ் கார் சாவியைத் தடவ ஆரம்பித்தார். தலைமேஜையிலிருந்து கிளைவ் அவளைப் பார்த்தார்.

நோலீன் பழைய வருஷங்களை நினைத்துப் பார்த்தாள். ஆடு ஓடிய வருஷம்கூடப் பதினொன்று வரை இருந்தார்களே! ஆட்டுக்காக இருந்தார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இப்போது யோசித்தால் காதில் வருவது வேறு சத்தம். இந்தா கோழி, அந்த மாட்டை இங்கே தள்ளு என்று ஹால் முழுக்க நடந்த பேரம். ஆக, விருந்தில் உருப்படியாக இருந்த ஒரே காரியம், அவள் யோசிக்காத காரியம். அதையும் தேடிப் பிடித்து ஒழித்தது அவள்.

"நல்ல மூளைடி உனக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். முட்டை வெள்ளைக்கருவில் செய்த பாவ்லோவாவும் பேரீச்சம்பழப் புட்டிங்கும் பெயர்ச்சீட்டோடு வரிசையாக நின்றன.

"டாட், சீட்டையெல்லாம் எடு. ஒரு மேஜை முழுக்கப் பாவ்லோவா, அடுத்த மேஜை முழுக்கப் புட்டிங். அப்படியே ஒன்னுவிட்டு ஒன்னு போடு."

"மூணு வாரமா ஊரெல்லாம் போன் போட்டியே?"

"போட்டேன். தப்பாக் கேட்டுட்டேன்."

"முட்டை ஆகாதவங்க மூணு பேர் இருக்காங்களே?"

"அவங்களுக்கு மட்டும் சரியாக் குடு. மத்தவங்க எழுந்து நடக்கட்டும்."

தட்டுகள் போய் ஒரு நிமிஷம் ஆகவில்லை, ஹால் முழுக்க முணுமுணுப்பு. "நான் புட்டிங்தானே சொன்னேன்!" "பூசணிக்காயைக் கூப்பிடுங்கப்பா!"

அவள் ப்ரேடனின் கன்னத்துப் பக்கமாகக் குனிந்து அந்த மைக்கில் பேசினாள். "தப்பு என்னோடதுதான். புட்டிங் வேணும்னா பக்கத்து மேஜைல இருக்கு. போய் நீங்களே பேசி வாங்கிக்குங்க. கிச்சன்ல இனி ஒரு கரண்டிகூட மிச்சமில்ல."

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மெர்வ் எழுந்தார். கோட்டை எடுக்கவில்லை. பாவ்லோவாவை எடுத்துக்கொண்டு நடந்தார். பக்கத்து மேஜையில் கிரிஃபித் ஊர் சால் உட்கார்ந்திருந்தார். மெர்வின் வாடிக்கையாளர் ஒருவரை அவர் இழுத்துக்கொண்டதிலிருந்து ஆறு வருஷமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"என் ஆளைத்தான் எடுத்துக்கிட்ட. புட்டிங்கையாவது குடு" என்றார் மெர்வ்.

சால் நிமிர்ந்து பார்த்தார். "அந்த ஆளையும் சேத்து எடுத்துட்டுப் போ. வாரத்துக்கு மூணு தடவ போன் பண்றான், பம்ப் கத்துதாம்."

"அவனுக்குக் காதுதான் கோளாறு. எங்கிட்டயும் பத்து வருஷம் அதையேதான் சொன்னான்."

"அதை நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல, கழுதை!"

மெர்வ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னால் ஒருவர், இருவர் என்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் யார் எந்த மேஜை என்று தெரியாமல் போயிற்று. பாதிப் புட்டிங்குக்கு ஒரு முழுப் பாவ்லோவா என்று ஒருவர் கூவினார். டெனிலிக்வின்காரர் ஒருவர் மூன்று மேஜை சுற்றிவிட்டுக் கையில் இருந்த தட்டோடேயே திரும்பினார், ஆனால் போன இடமெல்லாம் கால்மணி நேரம் நின்றார்.

ஒன்பதரைக்குக் கிளைவ் எழுந்து, ஓட்டெடுப்புக்காகக் கிளாஸைக் கரண்டியால் தட்டினார். யாரும் திரும்பவில்லை. மறுபடி தட்டினார். ப்ரேடன் மைக்கில் கத்திப் பார்த்தான். சத்தம் போடாதே என்று யாரோ அவனை அதட்டினார்கள்.

பத்தே கால் மணிக்குக் கிளைவ் அவளிடம் வந்தார். "ஓட்டு எடுக்க ஒருத்தனும் உக்கார மாட்டேங்கறான், நோலீன்."

"அப்ப கைய எப்படி எண்ணுவே?"

"எண்ண வேண்டாம். அடுத்த வருஷத்துக்கும் ஹாலைச் சொல்லி வை." இரண்டடி போய்த் திரும்பினார். "புது யோசனை ஏதாவது வந்தா மட்டும், தயவுசெஞ்சு வீட்டுலயே வச்சுட்டு வா."

"வரும்போதே ஒன்னு வந்திருச்சு, கிளைவ். சின்னதுதான். கேளேன்" என்றாள் அவள்.

கிளைவ் காதைப் பொத்திக்கொண்டு புட்டிங் இருக்கும் மேஜையைத் தேடிப் போனார். அவள் விடவில்லை, சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தாள்.