மூலையில் வைத்த ஸ்பீக்கர்

கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு டேப் ரெக்கார்டரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்தபோது கூடவே ஒரு சட்டமும் வந்தது. நைனா, அதாவது என் அப்பா, விடியுமுன் கடலுக்குப் போய்வந்து மத்தியானம் தூங்குகிற மனிதர். அதனால் சத்தம் கூட்டும் திருகின் பக்கத்தில் அம்மா ஒரு குங்குமப் பொட்டு வைத்துவிட்டாள். அதைத் தாண்டித் திருகினால் என் முதுகுத் தோல் எனக்குச் சொந்தமில்லை.

பொட்டுவரை வைத்தால் பாடகர் கொசுவாகிவிடுவார். மேளம் கேட்கவே கேட்காது. பெட்டிகளைக் கொண்டுவந்த மாமா, அம்மாவின் தம்பி, வழி சொன்னார்.

"சத்தத்த ஏத்தாதடா. பலகைலேர்ந்து எறக்கி, தரைல மூலையோட மூலையா வெய்யி. பேஸ் திருக முழுசாத் திருப்பு. செவுரே மேளம் அடிக்கும் பாரு."

அடித்தது. அம்மன் திருவிழாக் கேசட்டின் உறுமி மேளம், டச்சுக்காரர் விட்டுப்போன செங்கல்லில் கட்டிய எங்கள் நடுச்சுவருக்குள் புகுந்து கும்மென்று இரைந்தது. திருகு பொட்டைத் தாண்டவில்லை. மாமா ஒரு விஞ்ஞானி என்று முடிவு செய்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் வெறுந்தரையில் காது பதித்துப் படுத்திருந்த நைனா வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தார்.

"கடலு பொங்குது! போட்டக் கரைல ஏத்துங்கடா!"

லுங்கியைப் பிடித்தபடி ஓடினார். எங்கள் சோறு முழுக்க அந்த ஒரு போட்டில்தான் இருந்தது. அவர் ஓடியதைப் பார்த்துக் குப்பமே ஓடியது. இருந்த போட்டையெல்லாம் மணலில் மேலே இழுத்துப் போட்டார்கள். கடலோ தட்டில் ஊற்றிய கஞ்சிபோலக் கிடந்தது.

நான் பாட்டை நிறுத்திவிட்டு, அறையிலிருந்த வலைக் குவியலுக்குள் புகுந்தேன். மொட்டை போடுவதாக மூன்று சாமிகளுக்கு வேண்டிக்கொண்டேன். இருந்தது ஒரு தலை. திருப்பாலைவனத்துக்கு பஸ் ஏறினால் நெல் விதைக்கிற குடும்பம் ஏதாவது தத்தெடுக்குமா என்றும் யோசித்தேன்.

நைனா திரும்பியபோது பக்கத்து வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "இன்னாண்ணே, கனாவுல பொயலா?"

"மச்சான், அது கடலு இல்ல. இந்தப் பொட்டிதான்," என்றார் மாமா. "சத்தியமா பொட்டத் தாண்டல."

நைனா நேராக அறைக்குள் வந்தார். மூலையில் குந்தி, பெட்டியின்மேல் கையை வைத்தார். என்னைத் தேடவில்லை. வலைக் கண்ணி வழியாகப் பார்த்தேன். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பாட்டை நிறுத்தி அரைமணி நேரமாகியும் பெட்டிக்குள் இன்னும் கொஞ்சம் மேளம் மிச்சமிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.