கண்காணிப்புக் குழாய்க்கு விருந்து

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், பிறகு வாய் திறக்கும். திறந்தால் லேசில் மூடாது. அதனால்தான் எங்கள் பக்கம் நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிறது என்றதும், ஊர்த் தண்ணீர்ப் பாதுகாப்புக் குழுவுக்கு என்னைத் தலைவியாக்கினார்கள். "அதிகாரிகிட்ட சண்டை போடணும்னா இவளை விட்டா ஆளு கிடையாது" என்று என் ஓர்ப்படி கூட்டத்தில் எழுந்து சொன்னாள். ஊரே கைதட்டியது. பாராட்டா கேலியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஓர்ப்படி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. அவள் நிலமும் எங்கள் நிலமும் ஒரே வரப்பு. குத்தகைப் போராட்டத்தில் எங்கள் மாமனார் அடிபட்டு, ஜெயிலுக்குப் போய், பட்டா வாங்கிய நிலம். சுரங்கத்துக்கு அளந்து நட்ட எல்லைக்கல் அந்த நிலத்தின் மேலண்டை வரப்பில் வந்து நின்றது.

சுரங்கம் வெட்டினால் குழியில் ஊறும் தண்ணீரை ராப்பகலாக இறைத்துக் கொட்டுவார்களாம். சுற்றுப்பட்டு ஊர்களின் நிலத்தடி நீர் இறங்கிவிடுமாம். அதைக் கண்காணிக்க ஊருக்கு ஒரு குழாய் இறக்கினார்கள். எங்கள் ஊர்க் குழாய் பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்தில், கையகலத்தில், மேலே இரும்பு மூடியோடு நின்றது. மாதாமாதம் அரசு அதிகாரி வந்து உள்ளே நீர்மட்டம் எங்கே இருக்கிறது என்று அளப்பார். முதல் தடவை அளப்பதுதான் அடிப்படை. சுரங்கம் வந்தபின் அதைவிடக் கீழே போனால், கம்பெனி இறைப்பதை நிறுத்தியாக வேண்டும். அந்த முதல் அளவு கெட்டால் எங்கள் நிலத்துக்கு வேறு பாதுகாப்பு இல்லை.

இதை ஊருக்கு விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆண்கள் எல்லாம் சுரங்கத்துக்கு யார் ஆட்சியில் கையெழுத்துப் போட்டது என்ற சண்டையில் இருந்தார்கள். "உங்க ஆளுங்கதான்யா போட்டாங்க!" "போய்யா, உங்க ஆளுங்கதான் பேனாவே எடுத்துக் குடுத்தாங்க!" பெண்கள் மட்டும்தான் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அதுவே வினையாகப் போயிற்று.

முதல் அளவு எடுக்கிற நாளில் நான் பஸ் நிறுத்தத்துக்குப் போய் அதிகாரியை அழைத்து வந்தேன். குடையும் பையுமாக வந்த சாதுவான மனிதர். கோயிலடிக்கு வந்தால், பெண்கள் எல்லாரும் தலைக்குக் குளித்துப் பூ வைத்து நிற்கிறார்கள். குழாயைச் சுற்றிக் கோலம். குழாய்க்குச் சந்தனம், குங்குமம். மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பக்கத்தில் போனார்.

அவரிடம் ஒரு நாடா இருந்தது. அதன் நுனி தண்ணீரில் பட்டால் கீ என்று கத்தும். மூடியைத் திறந்து நாடாவை விட்டார். முழங்கை நீளம்கூட இறங்கவில்லை, கீ! மனிதர் துள்ளிவிட்டார். நாடாவைத் துடைத்து மறுபடி விட்டார். மறுபடியும் கீ!

"என்னம்மா இது, இவ்வளவு மேலயா தண்ணி?"

"காவேரி மண்ணு சார்" என்றாள் ஓர்ப்படி, காவேரியே தன் பிறந்த வீட்டுச் சீர் என்பதுபோல. எனக்கும் பெருமை தாங்கவில்லை. அவருக்கு இரண்டு டம்ளர் காபி கொடுத்தேன்.

அடுத்த மாதம் அவரோடு கம்பெனி ஆளும் வந்தார். வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி. அதிகாரி நாடாவை விட்டார். போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. ஒருவழியாக எங்கோ பாதாளத்தில் ஈனமாக ஒரு கீ. அதிகாரி குறித்துக்கொண்டார்.

கம்பெனி ஆள் சிரித்தார். "பாத்தீங்களா? நாங்க இன்னும் மண்வெட்டியே கொண்டு வரல. அதுக்குள்ள உங்க தண்ணி தானா இறங்குது. நாளைக்கு எங்க மேல பழி போடக் கூடாது."

என் காது சிவந்தது. "உங்க நாடா பழுது! போன மாசம் பொங்கி வழிஞ்ச தண்ணி எங்கய்யா போவும்? யாருகிட்ட கதை விடுறீங்க?" என்று பிடித்துக்கொண்டேன். ஓர்ப்படி என் முந்தானையை இழுத்தாள்.

"கத்தாதடி. ஊத்துனோம்."

"எதை?"

"தண்ணியத்தான். வேற எதை ஊத்துவாங்க?"

அதிகாரியின் பேனா நின்றுவிட்டது. ஓர்ப்படி அவரிடமே திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க சார். வீடு தேடி வர்றவங்களுக்கு எதிர வெறுங்குடத்தோட நிப்பாங்களா? நீங்க மூடியத் திறந்து பாக்குறப்ப காலியாத் தெரிஞ்சா ஊருக்கு என்ன மரியாதை? அதான் வீட்டுக்கு ஒரு குடம்."

"மூடியை எப்படித் திறந்தீங்க?"

"டிராக்டர் ஸ்பேனர் இருக்குல்ல?"

பாதி வீட்டுக் குடத்திலேயே குழாய் நிரம்பிவிட்டதாம். தன் குடத்துக்கு இடமில்லாமல் போனதில் கடைசி வீட்டுக்காரி ஓர்ப்படியோடு அன்றிலிருந்து பேசுவதில்லையாம். ஐயய்ய, இந்த லட்சணத்தில் நான் தலைவி!

"சும்மா கட்டுக்கதை" என்றார் கம்பெனி ஆள். ஓர்ப்படிக்கு ரோஷம் வந்துவிட்டது. விறுவிறுவென்று போய் ஒரு குடம் கொண்டுவந்தாள். கடைசி வீட்டுக்காரி சும்மா விடுவாளா, ஓடிப்போய்த் தன் குடத்தையும் கொண்டுவந்து முதலில் ஊற்றினாள். அப்புறம் ஓர்ப்படி, அவள் பின்னாலேயே மற்றப் பெண்களும் குடம் குடமாக. அதிகாரி நாடாவை விட்டார். சட்டென்று மேலேயே கீ!

ஊர் விசில் அடித்தது. கம்பெனி ஆள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அதிகாரி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "குழாய்க்கு அடியில சேறு அடைச்சிருக்கு. ஊத்துனது மெதுவாத்தான் இறங்கும். போன மாச அளவ ரத்து பண்ணிடறேன். இன்னிக்கு நீங்க ஊத்தறதுக்கு முன்னாடி எடுத்தேனே, அதுதான் இனிமே உங்க ஊர் அளவு. மூடிக்குப் பூட்டுப் போட்டு சீல் வைக்கிறேன்."

தண்ணீர் தானாக இறங்குகிறது என்று கம்பெனி இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது, ஜெயித்துவிட்டோம். நான் கம்பெனி ஆளைப் பார்த்து, "போய்ட்டு வாங்க" என்று ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டேன். அவர் ஜீப்பில் ஏறிப் போனார். பெண்கள் ஓர்ப்படியைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்தபடி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, முன்னாடி எடுத்தீங்களே, அதுதான் நெசமா சார்?"

"ஆமாம்மா."

"அவ்வளவு கீழயா இருக்கு நம்ம தண்ணி?"

"ஆமாம்மா."

"இன்னும் கரியே வெட்டலையே சார்."

அவர் நாடாவைச் சுற்றிப் பையில் வைத்தார். என் காது சிவக்கவில்லை. யாரிடம் சண்டை போடுவது?

இருவரும் வீட்டுக்கு நடந்தோம். கொல்லையில் எங்கள் போர்வெல் மோட்டார் விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. வரப்பு வழிந்து தண்ணீர் பாதைக்கு வந்திருந்தது. ஓர்ப்படி குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மோட்டாரை நிறுத்தப் போனாள்.