காலை பத்து மணி உடம்பு

முதலில் போனது என் இடது கால் செருப்பு. சந்தைக்குள் அது கழன்றது எனக்குத் தெரியவில்லை. பூக்காரம்மா கூப்பிட்டுச் சொன்னபோதுதான் குனிந்து பார்த்தேன். இருபது வருடம் நர்சாக நின்ற கால், இதைக்கூட எனக்குச் சொல்லவில்லை. பயத்துக்கு முன்னால் 'இதென்ன புதுசு' என்றுதான் தோன்றியது.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (நரம்பைச் சுற்றிய உறை சிதையும் நோய்) என்றார்கள். வேலையை விட்டேன். ஊனச் சான்றிதழில் போட்ட சதவீதத்துக்கு ஏற்ப உதவித்தொகை வந்தது. பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போய்வந்தது அதில்தான்.

போன வருடம் உதவித்தொகை விதி மாறியது. எல்லோரையும் மறுபடி பரிசோதித்தார்கள். எனக்குக் காலை பத்து மணி. ஞாயிறு பூசைக்குப் போவதுபோல இஸ்திரிப் புடவை கட்டிக்கொண்டு போனேன். டாக்டர் எங்கள் ஊர்க் கன்னடத்தில், "ஆராமா அம்மா?" என்று நலம் கேட்டார்.

"ஆராம் சார்."

நடக்கச் சொன்னார். வார்டுக்குப் பெரிய டாக்டர் வந்தால் எப்படி நடப்பேனோ, அப்படியே விறைப்பாக நடந்து காட்டினேன். சதவீதம் இறங்கியது. தொகையும் இறங்கியது.

"நோயாளியாப் போம்மான்னா டூட்டிக்குப் போயிட்டு வந்திருக்க. ஆராமாம், ஆராம்!" என்றார் கணவர் அருள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி ஒரு நாளானது. கால் மறுபடி இழுக்கத் தொடங்கியது.

ஆனால் ஒன்று என்னைக் குடைந்தது. நான் பொய் சொல்லவில்லையே. பத்து மணிக்கு நடந்தது என் கால்தானே? அப்படியானால் மத்தியானம் சுவரைப் பிடித்து நகர்பவள் யார்? பழைய பழக்கத்தில் ஒரு சார்ட் போட்டேன். மணிக்கு ஒருமுறை, சமையலறையிலிருந்து வாசல்வரை எத்தனை நொடி என்று. பத்து மணிக்குப் பன்னிரண்டு. மூன்று மணிக்கு, 'பாதியில் உட்கார்ந்துவிட்டேன்'. வெயில் ஏறினால் இன்னும் மோசம். மூன்று வாரம் எழுதினேன்.

மேல்முறையீட்டுக்கும் காலை நேரமே கொடுத்தார்கள். அதே டாக்டரிடம் சார்ட்டை நீட்டினேன்.

"மூணு மணிக்குப் பாருங்க சார்."

"அதுவரைக்கும் எங்கம்மா இருப்பீங்க?"

"இங்கயே, வெளி பெஞ்சுல."

மூன்று மணிக்கு அருள் தூக்கிவிடத்தான் எழ முடிந்தது. "ஆராமா?" என்றார் டாக்டர். "இல்ல சார்" என்றேன். அந்தச் சின்னப் பதிலைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நான்கு எட்டு வைத்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர், மணி மூன்று என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. உங்களுக்கும் மறுபரிசோதனை வந்தால், உங்கள் மத்தியானத்தையும் கூட்டிக்கொண்டு போங்கள். இப்போதெல்லாம் எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், நான் முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.