சிதம்பரத்துக் கதிரவன்

கொளஞ்சியப்பன் கடலூரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். பஸ் ஸ்டாண்டுக்கும் முதுநகருக்கும் நடுவில் அவனைத் தெரியாத ஆள் கிடையாது. அவன் குடிப்பதும் எல்லோருக்கும் தெரியும். அதில் அவனுக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. நம் ஊர் லட்சணம் அப்படி. பட்டப்பகலில் கடை வாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். குடியை விடப்போகிறேன் என்று சொல்லத்தான் முக்காடு போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனைவி வெறுத்துப்போய்த் திட்டக்குடிக்கு, தாய்வீட்டுக்கே போய்விட்டாள். அதற்குக்கூட அவன் அசையவில்லை. அசைத்தவள் தங்கை வினோதினி. அவளுடைய மூத்த பையனுக்குக் காது குத்தியபோது இந்த மகராசன் காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்தான். தாய்மாமன் மடியில்தானே பிள்ளையை உட்கார வைக்க வேண்டும், வைத்தார்கள். அவன் அப்படியே தூங்கி வழிந்தான். பையன் சரிந்ததில் பாதி இறங்கிய கம்பி காதைக் கிழித்துவிட்டது. இப்போது இளையவள் இலக்கியாவுக்குத் திருவந்திபுரம் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள்.

"நீ இப்பிடியே இருந்தா எம்பொண்ண உம்மடியில வெக்கமாட்டேன். வேற ஆளப் பாத்துக்குவேன்" என்று வினோதினி சொல்லிவிட்டாள்.

தாய்மாமன் உயிரோடு இருக்கும்போது வேறொருவன் மடியா? அந்த அவமானம் இருக்கட்டும். உறவு என்று அவனுக்கு மிச்சமிருந்ததே அந்த ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா வழி சொன்னார். குடியை விட நினைக்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிற குழு இருக்கிறதாம், கடலூரிலும் உண்டு, சிதம்பரத்திலும் உண்டு. கடலூரில் போனால் வாசலிலேயே நாலு பேர் "என்னா கொளஞ்சி, இங்க?" என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை சிதம்பரத்துக்கு பஸ் ஏறினான்.

ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். மற்றவர்கள் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் வைத்தார்கள். இவன் முறை வந்தபோது சொந்தப் பெயர் வாயில் வரவில்லை. எங்கிருந்து வந்ததோ, "கதிரவன், புவனகிரி" என்றான். அங்கே ஊரை யாரும் கேட்கவே மாட்டார்கள். கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பொய் சொன்ன மேதாவி அவன்.

ஆனால் குடியை விட்டான். இடையில் ஒருமுறை சறுக்கி, அதையும் எழுந்து நின்று சொன்னான். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் தமிழ்மணி என்பவரிடம்தான் குழுவின் போன் இருந்தது. நாள் தவறாமல் "கதிரு, சாப்ட்டீங்களா?" என்று விசாரிப்பார்.

கடலூரில் அப்படிக் கேட்க யாருமில்லை. ஸ்டாண்டில் இருட்டியதும் கூட்டாளிகள் கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். குடிக்காதவனிடம் பேச அவர்களுக்கு ஒன்றுமில்லை. சிதம்பரத்தில் எல்லோரும் பிரியமாகத்தான் இருந்தார்கள். அந்தப் பிரியம் கதிரவனுக்கு. பக்கத்து இலைக்குப் பரிமாறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருந்தது அவனுக்கு.

அவன் குடியை விட்டதை வினோதினி நம்பவில்லை. "எத்தன தடவ சத்தியம் பண்ணியிருக்க நீ?"

"சிதம்பரத்துல கேட்டுக்க" என்று தமிழ்மணியின் நம்பரை மிடுக்காகக் கொடுத்தான். தான் அங்கே யார் என்பது அந்த நேரத்தில் மறந்தே போயிற்று.

யார் வருகிறார்கள் என்று வெளியே சொல்லக்கூடாது என்பது அந்தக் குழுவில் கட்டாயம். தமிழ்மணி அதை மீறுகிறவர் இல்லை. ஆனால் போனில் ஒரு பெண் அழுகிறாள். வராத ஆளை வரவில்லை என்று சொல்வதில் என்ன தப்பு என்று நினைத்துவிட்டார் அந்த நல்ல மனிதர். "கொளஞ்சியப்பன்னு இங்க யாருமே வந்ததில்லீங்கம்மா."

வினோதினி உடனே அண்ணனைக் கூப்பிட்டாள்.

"பேர மாத்திச் சொல்லிட்டேன் பாப்பா. கதிரவன்னு கேட்டுப்பாரு…"

"போதும்ண்ணா. நீ இதுவரைக்கும் சொன்ன கதையிலயே இதான் ரொம்ப நல்லா இருக்கு" என்று வைத்துவிட்டாள்.

தமிழ்மணி ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். அதற்கு இவன் முதலில் குழுவில் உண்மையைச் சொல்ல வேண்டும். இத்தனை மாதமும் உங்களிடம் பொய்ப் பேரில் உட்கார்ந்திருந்தேன் என்று எப்படிச் சொல்வது? அங்கேயும் பொய்யனாகிவிட்டால் போவதற்கு இன்னொரு ஊர் இல்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டான்.

காதுகுத்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தது. இலக்கியா ஒன்றுவிட்ட மாமன் கண்ணாயிரத்தின் மடியில் உட்கார்ந்தாள். கொளஞ்சியப்பன் ஆட்டோவை எடுக்கவில்லை. வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். குடிக்க வேண்டும் போல இருந்தது, ரொம்பவே இருந்தது. கடைக்கு நடந்துவிடுவோம் என்ற பயத்திலேயே நேரத்தோடு சிதம்பரம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

மாலையில் அவன் முறை வந்தது. எழுந்து நின்றான்.

"என் பேரு கதிரவன் இல்லீங்க. கொளஞ்சியப்பன். ஊரு கடலூரு. நான் ஒரு குடிநோயாளி."

யாரும் முகம் சுளிக்கவில்லை. "வணக்கம் கொளஞ்சியப்பன்" என்றார்கள், எப்போதும் போலவே.

தமிழ்மணிக்கு மட்டும் போனில் கேட்ட அந்தப் பெயர் நினைவுக்கு வந்தது. "அய்யோ, அன்னிக்கு அழுதது உங்க தங்கச்சியா? நானே இப்பப் பேசுறேன், இருங்க" என்று பதறிப்போய் போனை எடுத்தார்.

கொளஞ்சியப்பன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப வேணாங்க. புள்ள காதுவலியில அழுது, இப்பத்தான் தூங்கியிருக்கும்."