பூட்டினவர் சொன்ன ஓம்

எங்கள் வான் பெற்றோல் என்ஜினோடுதான் வந்தது. அதைக் கழற்றிவிட்டு டீசல் என்ஜினைப் பூட்டியவர் என் வீட்டுக்காரர். எந்த வாகனத்தின் என்ஜின், எந்த வயர் எதோடு சேர்கிறது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் மட்டும்தான் இருந்தது. பாரிசவாதம் வந்து வலக்கை, வலக்கால், பேச்சு எல்லாவற்றையும் கொண்டுபோனது. "ஓம்" மட்டும் மிஞ்சியது. பசிக்கிறதா என்றாலும் ஓம், பசிக்கவில்லையா என்றாலும் ஓம்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒழுங்காகக் கூட்டிவந்தால் பேச்சு கொஞ்சமாவது திரும்பும், விட்டால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவரை ஓட்டோவுக்குள் மடித்து ஏற்ற ஏலாது. அதற்கு வான் வேண்டும். வானோ அன்புவழிபுரத்து எங்கள் வீட்டு முற்றத்தில் செத்துக் கிடந்தது.

கராஜ் கராஜாகப் போய் மெக்கானிக்மாரைக் கூட்டிவந்தேன். வந்தவர்கள் முன் சீற்றைத் தூக்கி என்ஜினைப் பார்த்துவிட்டு, சீற்றை மெதுவாக இறக்கி வைத்தார்கள்.

"ஆர் அக்கா இதைப் பூட்டினது? அவரையே கேளுங்கோவன்."

சீனக்குடாப் பக்கமிருந்து வந்தவர் பழைய என்ஜினையே திரும்பப் போடச் சொன்னார். அது எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. இந்த மெக்கானிக்குக்கு வாய் மட்டும் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இன்னொருவர் "பாப்பம், நாளைக்கு வாறன்" என்றார். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று அர்த்தம். அலுத்துப் போய்விட்டேன். பயிற்சி நாட்கள் ஒவ்வொன்றாகத் தவறிக்கொண்டிருந்தன.

கடைசியாக வந்த மெக்கானிக்கை எல்லாரும் பாஸ் என்பார்கள், நல்ல மனிதர். வீட்டுக்காரரைக் கதிரையோடு வானுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இருத்தினேன். நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வருவதற்குள் பாஸ் மோட்டார்சைக்கிளில் ஏறிவிட்டார்.

"அண்ணையிட்டயே கேட்டுட்டன் அக்கா. டைமிங் பெல்ட்தான் போயிட்டுது. நான் நினைச்ச பெல்ட்தானே எண்டும் கேட்டன், ஓம் எண்டவர். வாங்கிக்கொண்டு வாறன்."

அந்த ஓமின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். களைப்பாக இருந்தது. இந்த ஒருமுறையாவது அது சரியான ஓமாக இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் பெல்ட்டைப் போட்டு ஸ்டார்ட் பண்ணினார். வான் உறுமியது. உள்ளே ஏதோ படபடவென்று அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது, பழைய வான் அப்படித்தான் என்று நின்றேன். வீட்டுக்காரர் இடக்கையால் கதிரைச் சட்டத்தில் ஓங்கி அடித்தார்.

"நிப்பாட்டு."

பாஸ் பயந்துபோய் நிறுத்தினார். குனிந்து பார்த்துவிட்டு, "பிழையான பெல்ட் அக்கா. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தா என்ஜினே முடிஞ்சிருக்கும். இப்ப அளவு பிடிபட்டிட்டுது, நாளைக்கு வேற கொண்டாறன்" என்றார்.

எனக்கு என்ஜினைப் பற்றிய நினைப்பே இல்லை. இத்தனை மாதமாகப் பக்கத்திலிருந்து ஊட்டி, துடைத்து, கெஞ்சிக் கேட்டும் எனக்காக அவர் வாயில் வராத சொல் இந்த இரும்புக்காக வந்துவிட்டது. சந்தோசப்பட வேண்டியவள்தான். எரிச்சல்தான் வந்தது, அதோடு அழுகையும். பாஸ் சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்காரர் முன்னால் நிலத்தில் குந்தினேன்.

"இப்ப என்ர பேரைச் சொல்லுங்கோ பாப்பம்."

சொல்லத்தான் பார்த்தார். வாய் கோணி, உதடு நடுங்கி, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது.

"ஓம்" என்றார்.